வெளிறிப்போன அறிவித்தலில் இருக்கிற 21: புகையிலைச் சட்டம் எதற்கு?

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வீதியில் நான் அடிக்கடி இறங்கித் தேத்தண்ணி குடிக்கிற ஒரு கடை இருக்கிறது. தகரக் கூரை, இரண்டு வாங்கு, கண்ணாடிப் பெட்டிக்குள் வடையும் பணிசும். காசு வாங்குகிற மேசைக்கு மேலே ஒரு அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள், 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருட்கள் விற்பதில்லை என்று. வெயில் பட்டுப்பட்டு எழுத்தெல்லாம் வெளிறிவிட்டது, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் 21 என்ற எண் மட்டும்தான் தெரியும். அதற்குக் கீழே நைலோன் நூலில் ஒரு லைட்டர் தொங்குகிறது.

போன மாதம் என் சித்தியின் மகனோடு அங்கே நின்றேன். அவனுக்கு 19 வயது. அந்த அறிவித்தலைக் காட்டிக் கேட்டான்: "அண்ணா, 18 வயசில வோட்டுப் போடலாம், லைசென்ஸ் எடுக்கலாம், கலியாணமும் கட்டலாம். இதுக்கு மட்டும் ஏன் 21? என்ர காசு, என்ர நெஞ்சு. அரசாங்கத்துக்கு இதில என்ன வேலை?"

நியாயமான கேள்வி. இதே கேள்வியைப் பெரிய படிப்புப் படித்தவர்களும் கேட்கிறார்கள். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பொதுச் சுகாதாரம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம், ஏனென்றால் நாங்கள் மலேரியாவைப் பார்த்தவர்கள். ஒரு போர்வை போதாமல் மூன்று போர்வை போட்டு மூடியும் கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுங்கிக்கொண்டு கிடந்தவர்கள் எங்கள் எல்லாருடைய வீட்டிலும் இருந்தார்கள். அப்போது ஆஸ்பத்திரியில் வைத்தியர் செய்தது ஒரு வேலை: வந்த நோயாளிக்குக் குளிசை கொடுத்தார். ஆனால் அதோடு விட்டிருந்தால் மலேரியா இன்றைக்கும் இங்கேதான் இருந்திருக்கும். இன்னொரு கூட்டம் வீடு வீடாக வந்து சுவருக்கு மருந்து அடித்தது, விரலில் குத்தி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் பூசிக் கொண்டுபோனது, மருந்து ஊறிய நுளம்பு வலை கொடுத்தது, நீர் தேங்குகிற இடங்களைத் தேடித் திரிந்தது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடு என்று அறிவித்தது. வைத்தியர் பார்ப்பது ஆளை. பொதுச் சுகாதாரம் பார்ப்பது ஊரை. ஆளுக்கு எதனால் நோய் வந்தது என்று கேட்டுவிட்டு, அதை ஊருக்குள் கொண்டுவருகிறது எது என்று அது தேடிப்போகும்.

அந்த மலேரியாக் காலத்தில் யாரும் நோயாளியைப் பார்த்து, உனக்குக் கட்டுப்பாடு இல்லை, அதனால்தான் நுளம்பு கடித்தது என்று சொல்லவில்லை. புகைத்தலில் மட்டும் நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம். பலவீனமானவன், சொல்வழி கேளாதவன் என்கிறோம். புகையிலைச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. அதன் விதிகளை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவை விற்கிறவரையும், விளம்பரம் செய்கிறவரையும், பெட்டி செய்கிறவரையும் நோக்கித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. புகைக்கிற ஆளைப் பற்றி அதில் இருப்பது கொஞ்சம்தான், அதுவும் எங்கே புகைக்கிறார் என்பதைப் பற்றியது. நுளம்பைப் பிடிக்கிற வேலை இது.

சரி, அந்தப் புகைக்குள் அப்படி என்ன இருக்கிறது? 7,000க்கும் மேற்பட்ட இரசாயனங்கள், அவற்றில் எழுபது அளவிலானவை புற்றுநோயை உண்டாக்குபவை. ஆனால் ஆளைக் கட்டிப்போடுவது நிக்கொட்டின் என்ற ஒன்றுதான். ஒரு இழுவை இழுத்தால் 10 செக்கன் அளவில் அது மூளைக்குப் போய்விடும். மூளை அதைப் பழகிக்கொள்கிறது, பிறகு அது இல்லாவிட்டால் எரிச்சல், பதற்றம், நித்திரையின்மை. சிகரட் குடித்தால் மனம் ஆறுகிறது என்று சொல்கிறார்களே, பெரும்பாலும் அந்த ஆறுதல் முந்தைய சிகரட் விட்டுப்போன தவிப்பு தீருகிற ஆறுதல்தான்.

இதெல்லாம் ஒரு காலத்தில் யாருக்கும் தெரியாது. வைத்தியர்களே புகைத்தார்கள். 1950இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் டோல், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரண்டு பேர் நுரையீரல் புற்றுநோயாளிகளை ஆராய்ந்து, நோய்க்கும் சிகரட்டுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள். அடுத்த வருடமே அந்த நாட்டு வைத்தியர்களிடம் அவர்களின் புகைப்பழக்கத்தைக் கேட்டு எழுதத் தொடங்கினார்கள், ஏறத்தாழ 40,000 பேர் பதில் அனுப்பினார்கள். பிறகு ஆண் வைத்தியர்களை 50 வருடம் விடாமல் பின்தொடர்ந்து, யார் எப்போது, எதனால் இறந்தார் என்று பதிவு செய்தார்கள். 2004இல் வந்த முடிவு: விடாமல் புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாக 10 வருடம் முந்தி இறந்தார்கள். அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது, அதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்வேன். 30 வயதில் விட்டவர்கள் அந்த 10 வருடத்தையும் ஏறக்குறைய முழுதாகத் திரும்பப் பெற்றார்கள். 40இல் விட்டவர்கள் 9 வருடம், 50இல் விட்டவர்கள் 6, 60இல் விட்டவர்கள்கூட 3 வருடம்.

இப்போது தம்பியின் 21க்கு வரலாம். புகையிலையின் மோசமான குணம் அதன் தாமதம். நஞ்சு குடித்தால் அன்றைக்கே தெரியும். சிகரட்டில் தொடக்கத்துக்கும் நோய்க்கும் நடுவில் இருபது, முப்பது வருடம் கிடக்கிறது. 17 வயதுப் பொடியன் ஒருவன் சந்தியில் கூட்டாளிகளோடு நின்று எடுக்கிற முடிவுக்கு 50 வயதுக் குடும்பஸ்தன் ஒருவர் விலை கொடுக்கிறார், அவரோடு அவருடைய மனைவியும் பிள்ளைகளும் கொடுக்கிறார்கள். புகைப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலானோர் இருபது வயதுக்குள் தொடங்கியிருப்பார்கள். மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரைக்கும் வளர்ந்துகொண்டிருக்கிறது, அந்த வயதில் நிக்கொட்டின் பிடித்தால் பிடி இறுக்கமாக இருக்கும். அந்த வயதைத் தொடாமல் தாண்டிவிட்டால் பிறகு தொடங்குகிறவர்கள் குறைவு. ஆக, 21 என்ற எண் முதிர்ச்சிக்கு மார்க் போடுகிற எண் இல்லை. அந்த ஆபத்தான சில வருடங்களைச் சுற்றிப் போட்ட வேலி.

இன்னொரு கணக்கும் உண்டு. 21 என்று வைத்தால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு சிகரட் வாங்கிக் கொடுக்க ஆள் கிடைப்பது கஷ்டம். 18 என்றால் ஏ.எல். வகுப்பிலேயே 18 வயது ஆனவன் இருப்பான், அவன் வாங்கி மற்றவர்களுக்குக் கொடுப்பான். 21 வயதுக்காரன் அந்த வகுப்பில் இருக்கமாட்டான். இலங்கை இந்த வயதை 2006இலேயே சட்டமாக்கியது. அமெரிக்கா நாடு முழுவதற்கும் 21 என்று மாற்றியது 2019 டிசெம்பரில்தான். எங்களுக்கு நல்லது எதுவும் முன்கூட்டி வந்ததில்லை என்று பழகிப்போனவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம், ஆனால் உண்மை.

அந்தச் சட்டத்தின் பெயர் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம், 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கம். அதற்கு முன்பே, 2003 நவம்பரில், உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இலங்கை ஏற்று உறுதிசெய்திருந்தது, அந்த நிறுவனத்தின் தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் அப்படிச் செய்த முதல் நாடு நாங்கள்தான். இன்றைக்கு 180க்கும் மேற்பட்ட தரப்புகள் அதில் இருக்கின்றன. நாட்டுக்கு நாடு சண்டை பிடிக்கிற உலகத்தில் இத்தனை பேர் ஒரு பொருளைப் பற்றி ஒத்துப்போயிருக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் எண்கள்தான்: புகையிலையால் வருடத்துக்கு 70 இலட்சத்துக்கும் அதிகமானோர் இறக்கிறார்கள், விடாமல் பாவிப்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரை அதுவே கொண்டுபோகிறது.

"என்ர காசு" என்றான் அல்லவா. காசைப் பற்றிக் கதைப்போம். கணக்குக்கு ஒரு சிகரட் 100 ரூபா என்று வையுங்கள். நாளுக்கு ஐந்து. மாதம் 15,000. வருடம் 1,82,500. கூலி வேலைக்குப் போகிற ஒருவருக்கு இது எத்தனை நாள் உழைப்பு என்று நீங்களே பாருங்கள். இதில் பிள்ளைக்கு டியூசன் காசு இருக்கிறது, கிணற்றுக்கு மோட்டர் இருக்கிறது, வீட்டுக்கூரை திருத்துகிற காசு இருக்கிறது.

அப்படியென்றால் வரியைக் கூட்டி அந்த ஏழையை இன்னும் ஏன் வதைக்கிறார்கள் என்று கேட்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் விலை கூடும்போது முதலில் கைவிடுகிறவர்கள் யாரென்று பார்த்தால், காசு குறைந்தவர்களும் இளம் பிள்ளைகளும்தான். எங்களைப் போன்ற நாடுகளில் விலை 10 வீதம் கூடினால் பாவனை 5 வீதம் அளவில் குறையும் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன, இளையவர்களிடம் அதைவிடக் கூடுதலாகக் குறையும். அதனால்தான் விற்பனை விலையில் 75 வீதமாவது வரியாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இத்தனை விதிகளுக்குள்ளும் அதிக உயிரைக் காப்பாற்றுவது எது என்று நிபுணர்களைக் கேட்டால் அவர்கள் முதலில் சொல்வது வரியைத்தான். ஒரு நிபந்தனை, வரி எல்லாப் பொருளுக்கும் சமமாக ஏற வேண்டும். சிகரட் விலை ஏறி பீடி மலிவாகவே கிடந்தால் ஆள் விடமாட்டார், பீடிக்கு மாறுவார். மன்னார்ப் பக்கம் கடலில் பீடி இலை மூட்டைகள் பிடிபட்டதாக அடிக்கடி செய்தி வருகிறதே, அந்தக் கடத்தல் கள்ளச் சந்தையோடு முடிகிற விஷயம் இல்லை. வரி கட்டாத பீடி மலிவாக ஊருக்குள் வருகிறது, வரி காப்பாற்ற நினைத்த அதே ஏழைக் கூலியாளின் கைக்குத்தான் அது போய்ச் சேர்கிறது.

அடுத்தது "என்ர நெஞ்சு". இதில்தான் தம்பியின் வாதம் உடைகிறது. புகை ஒருவருடைய நெஞ்சோடு நிற்பதில்லை. சிகரட்டின் நுனியில் சும்மா எரிகிற புகையும், அவர் ஊதி விடுகிற புகையும் பக்கத்தில் இருப்பவர் மூச்சுக்குள்தான் போகின்றன. 1981இல் தக்கேஷி ஹிராயாமா என்ற ஜப்பானிய ஆய்வாளர், தாங்கள் புகைக்காத மனைவிமாரைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார். புகைக்கிற கணவரோடு வாழ்ந்த பெண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வந்தது, கணவர் எவ்வளவு அதிகமாகப் புகைத்தாரோ அவ்வளவு கூடுதலாக. இதை எங்கள் நாட்டோடு பொருத்திப் பாருங்கள். 2015இல் நடந்த தேசிய ஆய்வில் ஆண்களில் 100க்கு ஏறத்தாழ 29 பேர் புகைத்தார்கள், பெண்களில் புகைப்பவர்கள் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் அந்த 29 பேரோடு ஒரே கூரைக்குக் கீழே பெண்களும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு அறை வீட்டில், மாரி மழைக்குக் கதவைச் சாத்திவிட்டு, மூலையில் இருந்து ஒருவர் பீடி குடித்தால் அந்த வீட்டில் எல்லாரும் பீடி குடிக்கிறார்கள்.

சட்டம் வீட்டுக்குள் வருவதில்லை. மூடிய பொது இடங்களில், அதாவது ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், அலுவலகம், பஸ் போன்றவற்றில்தான் அது புகைக்க வேண்டாம் என்கிறது. இது என்னத்துக்கு உதவும் என்று நினைத்தால் ஸ்கொட்லாந்தைப் பாருங்கள். 2006 மார்ச்சில் அங்கே மூடிய பொது இடங்களில் புகைத்தலைத் தடைசெய்தார்கள். அடுத்த ஒரு வருடத்தில், ஆய்வுக்கு எடுத்த ஒன்பது ஆஸ்பத்திரிகளில், மாரடைப்பும் அதைச் சேர்ந்த நெஞ்சுவலியுமாக வந்து சேர்ந்தவர்கள் 17 வீதம் குறைந்துபோனார்கள். அந்தக் குறைவில் பெரும் பங்கு புகைக்காதவர்களுடையது. ஒருவரும் மாத்திரை கொடுக்கவில்லை, ஒப்பரேஷன் செய்யவில்லை. ஒரு விதி போட்டார்கள், அவ்வளவுதான்.

விளம்பரத் தடை பற்றி நீட்டத் தேவையில்லை, ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1996இல் இலங்கை கிரிக்கெட் உலகக் கிண்ணத்தை வென்றது எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்தப் போட்டியின் பெயர் வில்ஸ் உலகக் கிண்ணம். வில்ஸ் ஒரு சிகரட். அதற்கு முந்திய 1992 உலகக் கிண்ணமும் ஒரு சிகரட்டின் பெயரில்தான் நடந்தது, பென்சன் அண்ட் ஹெட்ஜஸ். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோவில் ஸ்கோர் கேட்ட பிள்ளைகளின் காதில்கூட வெற்றியும் வீரமும் ஒரு சிகரட் பெயரோடு சேர்ந்துதான் விழுந்தன. இப்படிக் குழந்தைப் பருவத்தில் காதில் விழுவதை நிறுத்தத்தான் விளம்பரமும் அனுசரணையும் தடைசெய்யப்பட்டன.

பெட்டியில் படம் போடுகிற விஷயம் இதைவிட ஆழமானது. முதலில் 2012இல் சுகாதார அமைச்சு பெட்டியின் 80 வீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் வேண்டும் என்று ஒழுங்குவிதி கொண்டுவந்தது. சிகரட் உற்பத்தித் தரப்பு நீதிமன்றம் போனது, நீதிமன்றம் அதை 50 முதல் 60 வீதமாகக் குறைத்தது. பிறகு 2015இல் பாராளுமன்றம் சட்டத்தையே திருத்தி 80 வீதம் என்று ஆக்கியது. ஒரு பெட்டியில் இருபது, முப்பது வீதம் இடத்துக்காக இத்தனை வருடம் இழுபறி நடந்திருக்கிறது என்றால், அந்த இடத்தின் பெறுமதி என்னவென்று விற்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். வாசிக்கத் தெரியாதவருக்கும் படம் தெரியும், அந்தப் பெட்டி ஒருவர் சேட்டுப் பொக்கெற்றில் இருந்து எட்டிப் பார்க்கும்போது பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

ஆனால் அந்தத் தேத்தண்ணிக் கடையில் நான் ஒரு மணி நேரம் இருந்து பார்த்தேன். சிகரட் கேட்டு வந்தவர்களில் பெட்டியாக வாங்கினவர் ஒருவரும் இல்லை. கடைக்கார அண்ணை லாச்சியை இழுக்கிறார், பெட்டியைக் கையில் எடுக்கிறார், அடியில் ஒரு தட்டுத் தட்டுகிறார், ஒன்று மேலே எழும்புகிறது, அதை நீட்டிவிட்டுப் பெட்டியை மறுபடி லாச்சிக்குள் வைக்கிறார். நோயாளியின் படம் லாச்சிப் பலகையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறது. வாங்கினவர் கண்டது ஒரு வெள்ளைக் குச்சியை மட்டும்தான். பிறகு அந்த நைலோன் நூல் லைட்டர். இத்தனை வருடம் போராடிப் போட்ட 80 வீதப் படத்தை அந்தக் கடையில் நாள் முழுக்கப் பார்க்கிற ஒரே ஆள், புகைக்காத அந்தக் கடைக்காரர். ஒற்றையாக விற்பதைத் தடுக்க முயல வேண்டும் என்று உலக உடன்படிக்கையின் 16ஆம் உறுப்புரை சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம், முழுப் பெட்டி வாங்கப் பிள்ளைகளிடம் காசு இருக்காது, ஒன்று வாங்க இருக்கும்.

இப்போது சிகரட்டை விட்டு வெற்றிலைக்கு வருகிறேன், ஏனென்றால் வன்னியில் இந்தக் கதையின் பாதி அங்கேதான் இருக்கிறது. என் பெரியப்பா வாழ்நாளில் சிகரட்டைத் தொட்டவர் இல்லை. வயலுக்குப் போனால் மடியில் ஒரு சின்னப் பொலித்தீன் பை, அதற்குள் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை. பசி தெரியாது, நித்திரை வராது, இரவு யானைக் காவலுக்கும் அதுதான் துணை. ஒரு நாள் சோற்று உருண்டை வாய்க்குள் போகவில்லை. நன்றாக வாயைத் திறந்தால் மூன்று விரலை நிமிர்த்தி உள்ளே விடலாம் என்பார்கள், அவரால் ஒரு விரல்தான் விட முடிந்தது. கன்னத்தின் உட்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு, நடுவில் ஆறாத புண். முதலில் காட்டிய இடத்தில் வாய்ப்புண் என்று பூசுகிற மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள், நாங்களும் நம்பிக்கொண்டு இரண்டு மாதம் இருந்துவிட்டோம். கடைசியில் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டி வந்தது, விடிய நான்கு மணிக்கு பஸ் ஏறி, மாங்குளத்தில் மாறி, யாழ்ப்பாணத்தில் மாறி. ஒப்பரேஷன் செய்தார்கள். இப்போது குழைத்த சோறுதான் சாப்பிடுகிறார், பேசினால் எங்கள் வீட்டாருக்கு மட்டும் விளங்கும்.

இலங்கையில் ஆண்களுக்கு மிக அதிகமாக வருகிற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். புகையிலை மட்டும் குற்றவாளி இல்லை, பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். வாயில் இரண்டு, மூன்று கிழமைக்கு மேல் ஆறாத புண்ணோ, தேய்த்தால் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இருந்தால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள், முதல் இடத்தில் சரியாகப் பார்க்கவில்லை என்றால் அடுத்த இடத்துக்குப் போங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் குணப்படுத்தக்கூடிய நோய் இது.

2016இல் வந்த ஒழுங்குவிதிகள் புகையிலை கலந்த மெல்லுகிற கலவைகளைத் தடைசெய்தன. மாவா என்று சின்னப் பைகளில் பொடியன்களிடம் சுற்றுகிறதே, அது பிடிபடுவது இதனால்தான். வாசனையும் இனிப்பும் சேர்த்த சிகரட்டுகளையும் அதே விதிகள் நிறுத்தின. புகையின் காரம்தான் முதல் தடவை இழுக்கிற பிள்ளையை இருமவைத்துத் தடுக்கிற இயற்கைக் காவல், ஸ்ட்ரோபெரி வாசனை அந்தக் காவலை எடுத்துவிடுகிறது. ஆனால் வெற்றிலையோடு வைக்கிற வெறும் புகையிலைத் துண்டைச் சட்டம் இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை, அதன் வேர் எங்கள் பழக்கவழக்கத்துக்குள் இருக்கிறது. செத்தவீட்டில் வாசலிலேயே ஒரு தட்டம் வைப்போம், வெற்றிலை, பாக்கு, பக்கத்தில் பீடி, சுருட்டு, சிகரட். துக்கம் விசாரிக்க வந்தவருக்கு மரியாதை அது. பத்து வயதுப் பிள்ளையின் கையில் தட்டத்தைக் கொடுத்து எல்லாருக்கும் நீட்டச் சொல்வோம். நானும் அந்த வயதில் நீட்டியிருக்கிறேன். நுரையீரல் நோயில் செத்தவரின் வீட்டிலேயே அந்தத் தட்டம் சுற்றுவதையும் பார்த்திருக்கிறேன். இதை மாற்ற எந்தச் சட்டமும் தேவையில்லை, அடுத்த செத்தவீட்டில் தட்டத்தில் வெறும் வெற்றிலை பாக்குக்கூட வேண்டாம், சோடாவும் பிளேன்ரீயும் வைத்தால் போதும்.

"அரசாங்கத்துக்கு என்ன வேலை" என்ற கடைசிக் கேள்வி மிச்சம். வாய்ப் புற்றுநோய்க்கும் மாரடைப்புக்கும் எங்கள் நாட்டில் இலவசமாக வைத்தியம் செய்வது யார்? எல்லாருடைய வரியும்தான். அது ஒரு காரணம், ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஒரு பக்கத்தில் மனித மூளையைப் பற்றி நன்றாகத் தெரிந்த, காசு நிறைந்த ஒரு தொழில் நிற்கிறது. பழையவர்கள் சாவதால் குறைகிற வாடிக்கையாளர்களுக்குப் பதிலாகப் புதியவர்கள் வந்தால்தான் அந்தத் தொழில் ஓடும். மறுபக்கத்தில் நிற்பது சந்தியில் சைக்கிளோடு நிற்கிற ஒரு பொடியன். இந்த இரண்டு பேரையும் தனியே விட்டுவிட்டு, அவனுடைய சுதந்திரம் என்று சொல்வது நேர்மை இல்லை. புகையிலைத் தொழிலின் நலனிலிருந்து சுகாதாரக் கொள்கையைப் பாதுகாக்க வேண்டும் என்று உடன்படிக்கையின் 5.3ஆம் உறுப்புரையில் தனியாகவே எழுதி வைத்திருப்பது அதனால்தான்.

விட நினைப்பவர்களுக்கு: தவிப்பு முதல் மூன்று நாட்களில்தான் உச்சத்தில் இருக்கும், இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரு வருடம் தாண்டினால் மாரடைப்பு வருகிற மேலதிக ஆபத்து ஏறக்குறைய பாதியாகும். தேசிய அதிகாரசபையின் 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம். முதல் தடவையிலேயே எல்லாராலும் விட முடியாது, திரும்பத் தொட்டுவிட்டால் வெட்கப்படாமல் மறுபடி விடுங்கள்.

இதையெல்லாம் தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது கடைக்கார அண்ணையும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பிறகு அவர் தன் பக்கத்தைச் சொன்னார். "தம்பி, இதில எனக்குப் பெரிய லாபம் இல்லை. ஆனா சிகரட்டுக்கு வாறவர்தான் தேத்தண்ணியும் குடிக்கிறார், வடையும் சாப்பிடுறார். நான் நிப்பாட்டினா அங்கால கடைக்குப் போவினம்." இது பொய் இல்லை. யாழ்ப்பாணம் உட்பட நாட்டின் பல இடங்களில் சிற்றூர் வியாபாரிகள் ஒன்றாகக் கூடி சிகரட் விற்பதை நிறுத்தியபோது, எல்லாரும் ஒரே நாளில் நிறுத்தியதால்தான் அது நின்றுபிடித்தது. சட்டத்தின் பயனும் இதுவே: விதி எல்லாக் கடைக்கும் ஒன்றாக இருந்தால், நேர்மையாக நடக்கிற கடைக்காரர் நட்டப்படமாட்டார். பக்கத்துக் கடை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விற்கிறது என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ (பி.எச்.ஐ.), பொலிஸிடமோ, மதுவரி அதிகாரியிடமோ சொல்லலாம், மூன்று பேருக்கும் அதிகாரம் இருக்கிறது.

அவர் அந்த வெளிறிய அறிவித்தலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "போன கிழமை ஒரு பொடியன் வந்தவன், மீசை வந்திருந்தது. அப்பாவுக்கு எண்டான். ஐ.சி. கேட்டன், திரும்பிப் போட்டான்" என்றார். புது அறிவித்தல் எங்கே எடுக்கலாம் என்றும் கேட்டார். பி.எச்.ஐ. ஐயாவிடம் கேட்டுப் பாருங்கள், அடுத்த முறை வரும்போது நானும் கேட்டு வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டு, அந்த லைட்டரையாவது நூலோடு கழற்றி உள்ளே வையுங்கோ அண்ணை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கத்தரிக்கோலைத் தேடினார்.